ஜன்னலுக்குக் கீழே பட்டர்கப்

ராத்திரி முழுக்கத் தண்ணீரில் கிடந்து கிழங்குகள் கொஞ்சம் பருத்திருக்கின்றன. நேற்று பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டியபோது செத்துக் காய்ந்த சிலந்திகளை அள்ளிப் போட்டது போல இருந்தன. வாயால் ஊதினால் பறந்துவிடும். இதிலிருந்தா பூ வரும் என்று நினைத்துக்கொண்டேதான் பழைய சட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். இப்போது ஒவ்வொன்றும் கோழியின் பாதம் மாதிரி விரல் விரலாக இருக்கிறது, தொட்டால் குளிர்கிறது. விரல்கள் கீழே பார்க்கவேண்டும், தலை மேலே இருக்கவேண்டும், இதில் இருக்கிற வித்தை அவ்வளவுதான் அம்மா என்று நர்சரிக்காரர் போஜன் சொன்னார். தலைகீழாக வைத்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். முளைக்கும், வளைந்து திரும்பி மேலே வரும், ஆனால் வருவதற்குள் பாதி சீவன் போய்விடும் என்றார். அதனால் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். சிலவற்றில் எது தலை எது கால் என்று தெரியவில்லை. கண்ணாடி உள்ளே இருக்கிறது. எடுக்கப் போனால் வீட்டுக்காரரைப் பார்க்கப் போனதாக ஆகிவிடும். இப்போதுதான் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு ஒருமுறை போனேன். அதற்கு முன்னால் போர்வையை மடித்து வைக்கப் போனேன். அவருக்குத் தெரியும். "என்னங்க," என்று இங்கிருந்தே கூப்பிடுகிறேன். "ம்," என்கிறார். சரி. இருக்கிறார். கிழங்கைக் குழியில் வைத்து மண்ணைத் தள்ளுகிறேன்.

இந்த ஜன்னலுக்குக் கீழே பாத்தி போட்டது நான்தான். போஜனைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார். தகரக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற இடம், ஈரம் நின்றால் கிழங்கு அழுகும். நல்ல வெயில் விழுவது வீட்டுக்கு அந்தப் பக்கம், கொய்யா மரத்தைத் தாண்டி. ஆனால் அங்கே உட்கார்ந்தால் ஜன்னல் தெரியாது. இங்கே உட்கார்ந்தால் ஜன்னல் தெரியும், ஜன்னலுக்குள் கட்டில் தெரியும், கட்டிலின் இந்த ஓரத்தில் அவருடைய கால்கள் தெரியும். சாம்பல் நிறக் காலுறை, வலது கட்டைவிரலில் ஓட்டை. அந்த ஓட்டையைத்தான் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அது அசைந்தால் ஒரு கிழங்கு வைக்கிறேன். ஆற்று மணலும் இலைமக்கும் கலந்து பாத்தியை மேடாக்கியிருக்கிறேன், தண்ணீர் வடிந்து போகட்டும் என்று. மண்ணைக் கிளறுவது சோற்றுக் கரண்டியால். மண்வெட்டி, களைக்கொத்து, கவாத்துக் கத்தி எல்லாம் பக்கத்து வீட்டு பெனடிக்டா டீச்சர் வீட்டில் இருக்கின்றன. நாங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்கு முந்தின நாள் அவரே எடுத்துக்கொண்டு போய்விட்டார். கூடவே ஆசாரியை வரவழைத்து உள்தாழ்ப்பாள்களையெல்லாம் கழற்ற வைத்திருந்தார், குளியலறைத் தாழ்ப்பாளையும் சேர்த்து. திருகாணி இருந்த ஓட்டைகள் கதவில் அப்படியே இருக்கின்றன. வந்த அன்று இவர் அந்த ஓட்டைகளை விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது பொய் சொல்லியிருப்பேன், மழையில் கதவு இறுகிவிட்டது என்று. அவர் கேட்காததால் அந்தப் பொய் இன்னும் வாய்க்குள்ளேயே இருக்கிறது.

ஐப்பசியில் நடந்தது. என் வீட்டுக்காரர், இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் பஸ் ஓட்டிய தணிகாசலம் டிரைவர், கொட்டகையில் இருந்த பூச்சிமருந்தை எடுத்துக் குடித்துவிட்டார். சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. ஏன் என்று எல்லோரும் கேட்டார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவருடைய தம்பி கேட்டார், டிப்போவிலிருந்து வந்தவர்கள் கேட்டார்கள், எழுதிக்கொள்ள வந்த போலீஸ்காரர் கேட்டார். வீட்டில் சண்டையா, வெளியில் ஏதாவதா, உடம்பில் ஏதாவதா. ஒவ்வொருவரும் கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள், பதில் என் முகத்தில்தான் இருக்கிறது என்பது போல. நானும் தேடித் தேடிப் பார்க்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு கொஞ்சம் பேச்சு குறைந்தது. அது எல்லோருக்கும் குறையும். தட்டில் சோற்றைப் போட்டால் எதையோ படிக்கிறவர் மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருப்பார். செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல்வரை போவார், திரும்பி வந்து செருப்பைக் கழற்றுவார். என்னங்க எங்கே கிளம்பினீர்கள் என்றால் ஒன்றுமில்லை என்பார். இதையெல்லாம் அப்போது யார் எடுத்து வைத்துப் பார்க்கிறார்கள்? இப்போது எடுத்து வைத்தால் ஒவ்வொன்றும் பேசுகிறது. அன்றைக்கு நான் மார்க்கெட்டுக்குக் கிளம்பிப் பாதி வழிகூடப் போயிருக்க மாட்டேன், மழை பிடித்துக்கொண்டது. குடை எடுக்கத் திரும்பி வந்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. குடைக்காக வந்தேன், இவருக்காக வரவில்லை. அந்த மழை கொஞ்சம் தள்ளி வந்திருந்தால் நான் உருளைக்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்திருப்பேன். இப்போது இப்படி ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேனே, இதற்கு ஏதாவது அர்த்தம் இருக்கிறதா? அன்றைக்குக் காப்பாற்றியது மழை. நான் பார்த்துக்கொண்டிருந்ததால் அவர் பிழைத்தார் என்றில்லை. பார்க்காமல் இருந்ததால் நடந்ததா என்பதும் தெரியவில்லை. "என்னங்க." "ம்." காலுறை அசைகிறது.

பூ வை என்று சொன்னது கோயம்புத்தூர் டாக்டர். பூ என்று அவர் சொல்லவில்லை. மாத்திரை ஒரு பக்கம் இருக்கட்டும், காத்திருக்கிற மாதிரி ஏதாவது ஒன்று வீட்டில் இருக்கட்டும் என்றார். சின்ன வயசு டாக்டர், இவரிடம் பேசியதைவிட என்னிடம்தான் மெதுவாகப் பேசினார். காத்திருக்கிற மாதிரி என்றால் என்ன என்று வரும் வழியெல்லாம் யோசித்தேன். பேரனோ பேத்தியோ வரப்போகிறது என்றால் சரி. மகள் நித்திலா ஓசூரில் இருக்கிறாள், கல்யாணப் பேச்சையே எடுக்க விடமாட்டாள். பெனடிக்டா டீச்சர்தான் பூச்செடி வை மங்கை என்றார். போஜனின் நர்சரியில் போய் நின்றேன். எதைப் பார்த்தாலும் எனக்கு அதுதான் தெரிந்தது. ரோஜா பார்த்தேன், நல்ல சிவப்பு. ரோஜா என்றால் பூச்சி வரும், பூச்சி என்றால் மருந்து. மருந்து இல்லாமல் ரோஜா வளர்க்க முடியாதா என்று கேட்டேன். வேப்பெண்ணெய் அடிக்கலாம் அம்மா, ஆனால் கட்டுப்படாது என்றார். ஸ்வீட்பீ காட்டினார், வாசம் நன்றாக இருக்கும், நூல்கயிறு கட்டி ஏற்றிவிடவேண்டும். கயிறு. அதைக் கீழே வைத்துவிட்டேன். டேலியாவுக்குக் குச்சி நட்டுக் கட்டவேண்டும், அப்புறம் கிழங்கைப் பிரிக்கக் கத்தி வேண்டும். அவர் ஒவ்வொன்றாகக் காட்டக் காட்ட நான் தலையாட்டி மறுத்துக்கொண்டே வந்தேன். அவருக்கு நான் எதற்குப் பயப்படுகிறேன் என்று தெரியாது, பூவைப் பார்க்க வந்தவள் பூவையே பார்க்கமாட்டேன் என்கிறாளே என்று நினைத்திருப்பார். கடைசியில், கட்ட வேண்டாத, வெட்ட வேண்டாத, மருந்து வேண்டாத பூ ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு இந்தப் பொட்டலத்தை எடுத்தார். பட்டர்கப். குளிர்தான் இதற்குச் சாப்பாடு, இப்போது வைத்தால் மாசி பங்குனியில் பூக்கும் என்றார். காகிதத்தை மடித்து மடித்து வைத்தது போல இதழுக்குள் இதழாக இருக்குமாம். மஞ்சள், ஆரஞ்சு, வெள்ளை, ரோஸ் எல்லாம் கலந்த பொட்டலம். எது எந்த நிறம் என்று கிழங்கைப் பார்த்துச் சொல்ல முடியாது. மாசி பங்குனி. மனசுக்குள் அதைச் சொல்லிப் பார்த்தேன். அதுவரைக்கும் என்று தோன்றியது. அதுவரைக்கும் என்பதை முடிக்கவில்லை.

பொட்டலத்தைப் பைக்குள் போட்டபிறகுதான் அவர் சொன்னார். ஆடு மாடு வந்தாலும் பயமில்லை அம்மா, இதில் வாய் வைக்காது, இதன் பால் விஷம். கையில் பட்டால்கூட அரிக்கும், சின்னப் பிள்ளைகள் இருந்தால் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். நல்ல சேதி சொல்கிற மாதிரிதான் சொன்னார். திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பையைத் திறந்தேன். கொடுத்தால் என்ன காரணம் சொல்வது? வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறது என்றா? மறுபடி மூடினேன். பஸ்ஸில் வரும்போது பை மடியில் இருந்தது, ஒரு பிடி கனம்கூட இல்லை. இலை கொத்தமல்லி மாதிரி இருக்கும் என்று வேறு சொன்னாரே என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்றிலிருந்து வீட்டில் கொத்தமல்லி வாங்கவில்லை. பைத்தியக்காரத்தனம் என்று எனக்கே தெரிகிறது. வேண்டுமென்று நினைத்தால் ஒரு வீட்டில் எது இல்லை? படி இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, வாசலைத் தாண்டினால் ரோடு இருக்கிறது, ரோட்டைத் தாண்டினால் பள்ளம். குன்னூரில் எந்த வீட்டு வாசலில் நின்றாலும் கீழே பள்ளம்தான். இந்தப் பள்ளங்களை ஒட்டித்தான் அவர் அவ்வளவு வருஷம் ஓட்டினார், பனி இறங்கி முன்சக்கரமே தெரியாத நாளிலும் ஒரு ஆள் மேல் கீறல் விழாமல் கொண்டுபோய்ச் சேர்த்தார். கல்யாணமான புதிதில் அவர் வண்டியில் முன் சீட்டில் உட்கார்ந்து போகும்போது ஒவ்வொரு வளைவிலும் கம்பியைப் பிடித்துக்கொள்வேன். கண்ணு பள்ளத்துக்குப் போனா வண்டியும் அங்கதான் போகும், நீ ரோட்ட மட்டும் பாரு என்பார். இவர் கண் எப்போது பள்ளத்துக்குப் போனது? எந்த வளைவில்? நான் பக்கத்து சீட்டில்தான் இருந்தேன்.

நித்திலா காலையில் போன் பண்ணினாள். தினமும் பண்ணுகிறாள், வீடியோவில்தான். அப்பா எங்க, காட்டு என்பாள். நான் போனைத் திருப்பி அவரைக் காட்டுவேன். அவர் கையைத் தூக்கிக் காட்டுவார், சாப்டியா என்று கேட்பார், அவளும் சாப்டீங்களா என்று கேட்பாள், அதோடு சரி. பிறகு அவள் என்னிடம் குரலைத் தாழ்த்தி எப்படி இருக்கார் என்பாள். அவர் அங்கேதான் உட்கார்ந்திருப்பார், எல்லாம் கேட்கும். இன்றைக்கு அவள் லீவு போட்டுவிட்டு வரட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன். வந்தால் நான் தூங்கலாம். வேண்டாம் என்று ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவள் வந்து இரண்டு பேராகப் பார்த்தால் இவர் எங்கே போவார் என்று தோன்றியது போல. இவரிடமும் ஒன்று கேட்டேன், எந்த நிறம் நிறைய வரணும்னு நினைக்கறீங்க என்று. எதுவானாலும் சரி என்றார். முன்பெல்லாம் அப்படித்தான் சொல்வார், புடவை எடுக்கப் போனாலும் எதுவானாலும் சரி என்பார். அப்போது அது ஒரு பதில். இப்போது அதே வார்த்தையை எடுத்து வைத்துக்கொண்டு நாள் பூராவும் உரசிப் பார்க்கிறேன். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவர் முதலில் சொன்னதையும் இப்படித்தான் உரசிக்கொண்டே இருக்கிறேன். தொண்டை புண்ணாகியிருந்தது, குரலே இல்லை. குனிந்து காதை வைத்தேன். ஏன் திரும்பி வந்த என்றார். அதைக் கேள்வியாகக் கேட்டாரா, மார்க்கெட் போனவள் ஏன் பாதியில் வந்தாய் என்று சும்மா கேட்பது போல? இல்லை வேறு மாதிரியா? குரல் இருந்திருந்தால் தெரிந்திருக்கும். அது வெறும் மூச்சு. நான் மழை வந்துச்சுங்க என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப்பின் நாங்கள் அதைப் பற்றிப் பேசவேயில்லை. ஒரு வீட்டில் இரண்டு பேர் இருந்துகொண்டு மாத்திரை, வெந்நீர், ரசம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். இந்தக் கிழங்கில் ஒன்று மெத்தென்று இருக்கிறது, அமுக்கினால் உள்ளே பழுப்பாக ஒழுகுகிறது. அழுகல். வெளியே பார்க்க மற்றதைப் போலத்தான் இருக்கிறது. தூர எறிகிறேன். "என்னங்க."

"என்னங்க."

சத்தமில்லை. ஜன்னலைப் பார்க்கிறேன். கட்டில் தெரிகிறது, கால் தெரியவில்லை. போர்வையின் நுனி தொங்குகிறது. கரண்டி மண்ணுக்குள் இருக்கிறது, என் கை கரண்டி மேல் இருக்கிறது. எழுந்திருக்க வேண்டும். எழுந்திரு மங்கை. கால் எழவில்லை. தேயிலைத் தோட்டத்துப் பக்கம் யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள், ஒரு ஆட்டோ மேடேற முடியாமல் உறுமுகிறது, எல்லாம் கேட்கிறது, வீட்டுக்குள்ளிருந்து மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. முடிந்தது என்று ஒரு நினைப்பு வருகிறது. அழுகையோடு வரவில்லை. மூட்டையை இறக்கிவைத்த மாதிரி தோள் இரண்டும் கீழே இறங்குகின்றன. இனிமேல் கூப்பிட வேண்டாம். இன்றைக்குப் படுத்தால் தூங்கலாம், கதவைச் சாத்திக்கொண்டு குளிக்கலாம், கொத்தமல்லி வாங்கலாம். கொத்தமல்லி என்று நினைத்த அந்தக் கணத்தில்தான் நான் என்ன நினைக்கிறேன் என்பது எனக்கே தெரிகிறது. கரண்டியை விட்டுவிட்டு எழுகிறேன். ஓடுகிறேன். சட்டி காலில் பட்டுக் கவிழ்கிறது, தண்ணீர் பாதத்தை நனைக்கிறது. சமையலறையில் இல்லை. குளியலறைக் கதவு திறந்துதான் இருக்கிறது, உள்ளே வாளி மட்டும். படுக்கையறைக்குள் போகிறேன், கட்டில் காலி. என்னங்க என்று கத்துகிறேனா, வாய் மட்டும் அசைகிறதா தெரியவில்லை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், தரையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்கிறார். கண் திறந்திருக்கிறது. என்னைப் பார்க்கிறது.

சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். என் கையிலிருந்த மண் சுவரில் அப்புகிறது. மூச்சு வர நேரமாகிறது. அவர் என் காலைப் பார்க்கிறார், ஈரத்தை, மண்ணை. எவ்வளவு வேகமாக வந்தேன் என்பதை அதிலிருந்தே கணக்குப் போட்டுவிடுவார். வண்டி வந்து நிற்பதை வைத்தே பிரேக் எவ்வளவு மிதித்தான் என்று சொல்கிறவர். ஆனால் நான் எவ்வளவு நேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன் என்பது அவருக்குத் தெரியாது. அது அவருக்குத் தெரியாமலே இருக்கட்டும்.

"கூப்ட்டேன்ல," என்கிறேன். குரல் என்னுடையது மாதிரி இல்லை.

"கேட்டுச்சு."

"அப்பறம் ஏங்க..."

அவர் கட்டிலின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருக்கிறார். முகத்தில் ஒரு வாரத் தாடி. ஷேவிங் செட்டும் டீச்சர் வீட்டில்தான் இருக்கிறது.

"நீ பாக்காத எடத்துல கொஞ்ச நேரம் உக்காரணும்னு இருந்துச்சு, மங்கை."

எனக்குக் கோபம் வருகிறது. அழுகை வராமல் கோபம் வருகிறது, அவரை அடிக்க வேண்டும் போல, தோளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல. கூடவே தரையில் அவருக்குப் பக்கத்தில் உட்காரவும் வேண்டும் போல இருக்கிறது. உட்கார இடமில்லை, அவ்வளவு குறுகலான சந்து, ஒரு ஆள்தான் கொள்ளும். இந்த வீட்டில் என் கண் போகாத இடம் என்று தேடித் தேடி இதைக் கண்டுபிடித்திருக்கிறார். எத்தனை நாளாக யோசித்து வைத்திருந்தாரோ. நான் அவரைக் காவல் காக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அவர் ஓட்டைக் காலுறையை ஜன்னல் பக்கம் நீட்டி வைத்து, கூப்பிட்டபோதெல்லாம் ம் போட்டு, என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். களைத்துப் போயிருக்கிறார். நானும்தான். ஒருத்தரை ஒருத்தர் இப்படி இழுத்துப் பிடித்துக்கொண்டு எவ்வளவு தூரம் போக முடியும்? வாய்க்குள் இருந்ததெல்லாம் நாக்கு நுனிவரை வருகிறது. அன்றைக்கு ஏன் திரும்பி வந்தாய் என்று கேட்டீர்களே, அது என்ன அர்த்தத்தில் என்று கேட்டுவிடலாம். கேட்டால் சொல்லிவிடுவார். சொல்லிவிடுவார் என்பதால் கேட்கவில்லை.

அவர் தலையை நிமிர்த்தாமலே பேசுகிறார், யாரோ சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல மெதுவாக.

"இன்னிக்கு ஒண்ணும் பண்ணமாட்டேன். நீ போயி நட்டுட்டு வா."

இன்னிக்கு. அந்த வார்த்தையை அவர் அழுத்திச் சொல்லவில்லை, தானாக வாயில் வந்தது மாதிரிதான் வந்தது. இனிமேல் என்று சொல்லவில்லை. எப்பவும் என்று சொல்லவில்லை. பொய் சொல்லத் தெரியாத மனுஷன். பஸ் எப்போது கிளம்பும் என்று கேட்பவர்களிடம்கூட இதோ என்று சொல்லமாட்டார், கிளம்புகிற நேரத்தைத்தான் சொல்வார். தன்னால் கொடுக்க முடிந்தது எவ்வளவோ அதை மட்டும் கொடுக்கிறார். ஒரு மாதமாக ஒருவரும் எனக்கு இவ்வளவு உண்மையாக எதுவும் தரவில்லை. டாக்டர் சரியாகிவிடும் என்றார், இவருடைய தம்பி, சாமியை நம்புங்கள் என்றார், டீச்சர் காலம் எல்லாவற்றையும் ஆற்றும் என்றார். சரிங்க என்கிறேன். ஜன்னல் வழியாகக் குளிர்காற்று வருகிறது, அவர் உட்கார்ந்திருக்கும் சந்துக்கு நேராக. போர்வையை எடுத்து அவர் தோளில் போடுகிறேன். பிறகு போய் ஜன்னலைச் சாத்துகிறேன். கொக்கியை மாட்டுகிறேன். அவர் அதைப் பார்த்தாரா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியே பாத்தியைச் சுற்றிக் கிழங்குகள் சிதறிக் கிடக்கின்றன. மண்டி போட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறேன். சிலது நசுங்கிவிட்டது, நான் ஓடியபோது மிதித்திருப்பேன். நசுங்கியதையும் வைக்கிறேன். தலை எது கால் எது என்று பார்க்கப் பொறுமையில்லை, கைக்கு வந்தபடி வைக்கிறேன், திரும்பி வருவது அதன் பாடு. வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டிருக்கிறேன். முதுகு முழுக்க எரிகிறது, யாரோ அங்கே ஒரு விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பது மாதிரி. திரும்பவில்லை. கூப்பிடவில்லை. கூப்பிட வாய் திறக்கிறது, மூடிக்கொள்கிறேன், மறுபடி திறக்கிறது. எதிர் மலையில் பனி கலைந்து தேயிலைச் சரிவு பச்சையாகத் தெரிகிறது. வெயில் என் கைமேல் விழுகிறது. இன்னிக்கு என்று சொல்லியிருக்கிறார். இன்னும் மத்தியானம்கூட ஆகவில்லை.